ஜீரோ பாத்துக்கிடுங்க

டோக்கன் இருபத்தேழு, முப்பிடாதி யாரும்மா
என்று நர்ஸ் கூப்பிட்டதும்
எனக்கு முன்னே எழுந்து போயிற்று என் முகம்.
ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி, தோல் பிரிவு.
டாக்டர் சின்னப்பிள்ளைதான்,
வாட்ச்சைத் தவிரக் கையில் ஒன்றுமில்லை.
இதுவரைக்கும் என்னல்லாம் போட்டீங்க?

சாதிக்காயைப் பாலில் இழைத்து
நாற்பது ராத்திரி.
தலையணையில் பாயச வாசம் வந்ததுதான் மிச்சம்.
அதிமதுரம். உருளைக்கிழங்குச் சாறு.
எலுமிச்சம்பழம் தேய்த்து எரிச்சலில்
அடுப்பைக்கூட அணைக்காமல்
குழாயடிக்கு ஓடிய ஒரு வெள்ளிக்கிழமை.
அப்புறம் டவுண் மருந்துக்கடைப் பையன்
பேப்பரில் சுற்றித் தந்த டியூப்.
மூன்றே வாரத்தில் பளிச்!
தீர்ந்து நிறுத்தினேன்.
போன மங்கு திரும்பி வந்தது,
துணைக்குக் கொஞ்சம் சிவப்பையும்
மேலுதட்டில் நாலு முடியையும் கூட்டிக்கொண்டு.

அதை முதல்ல குப்பையில போடுங்க என்றது பிள்ளை.
வெயில்ல போகாதீங்க.

பேட்டை தாண்டி, தென்காசி ரோட்டில்
பெட்ரோல் பங்கு வேலை எனக்கு.
சொன்னதும் பேனாவை மூடி
மறுபடி திறந்தது.
கூரை உண்டும்மா, இல்லாமலில்லை.
ஆனால் வெயில் சிமெண்டுத் தரையில் விழுந்து
லாரிக் கண்ணாடியில் விழுந்து
எழும்பி வரும்.
கீழேயிருந்து அடிக்கிற வெயிலுக்கு
எந்தக் கடையில் குடை விற்கிறான்?

நல்லவேளை, வருகிறவர்கள் முகம் பார்ப்பதில்லை.
ஜீரோ பாத்துக்கிடுங்க சார்,
ஜீரோ பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.
அவர்கள் கண் மீட்டரில்.
என்றைக்காவது ஒருத்தி,
ஸ்கூட்டரில் கல்யாணத்துக்குப் போகிறவள்,
நூற்றைம்பது ரூபாய்க்குப் போட்டுவிட்டு
கோரைக்கிழங்குப் பொடி தேயி தங்கச்சி
என்று சொல்லிவிட்டுப் போவாள்.
அதற்கு நான் பில் கொடுப்பதில்லை.

வயித்துல இருக்கும்போது வந்ததா?
ஆமா. ஆறாம் மாசம்.
கண்ணுக்குக் கீழே ரெண்டு பக்கமும்
அளந்து வைத்தாற்போல.
பிள்ளைக்கு இப்ப எத்தனை வயசு?

ஃபேன் எங்கள் பக்கம் திரும்பி
மேசைத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போனது.

இருந்தா, வார ஆடிக்கு மூணு முடியும்.

மதினி அப்போதே சொன்னாள்,
பிள்ளை பெத்தா தன்னால போயிரும்ட்டி.
தன்னால போனது இது இல்லை.

தொட்டில் இரவல், திருப்பிக் கொடுத்தாச்சு.
ஸ்கேன் தாள் ஒன்று பீரோவில் இருக்கிறது,
போன வைகாசியில் எடுத்துப் பார்த்தால்
வெறும் வெள்ளை.
வெளுக்க வேண்டியது எது என்று
அதற்கு யார் சொல்ல?
மிச்சம் இந்த ரெண்டு கன்னம்தான்.
இதையும் போக்கித் தாருங்கள் என்று
நானே டோக்கன் எடுத்து வந்திருக்கிறேன்.

இதையெல்லாம் டாக்டர்பிள்ளையிடம் சொல்லவில்லை.
அதற்குப் பின்னால் இருபத்தெட்டு நின்றது.

ராத்திரிக்கு ஒரு கிரீம்.
பகலில் சன்ஸ்கிரீன், மூணு மணிக்கொருக்க.
ஆறு மாசமாவது ஆகும்க்கா,
முழுசாப் போயிரும்னு சொல்ல மாட்டேன். மங்கும்.
மங்கு மங்குமாக்கும், என்றேன்.
அதற்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்.

இப்போது பங்கில், டேங்கர் நிற்கிற நாளில்
அதன் பக்கக் கண்ணாடி பார்த்துப் பூசிக்கொள்கிறேன்.
நெற்றி, மூக்கு, வலது கன்னம்.
இடது கன்னத்தில், காதோரமாக
ஒரு உளுந்து அளவு விட்டுப் போகிறது.
விடுகிறேனா, விட்டுப் போகிறதா,
ஹாரன் அடிக்கிற நேரத்தில்
யார் பார்த்துக்கொண்டிருக்கிறது?

ஜீரோ பாத்துக்கிடுங்க சார்.
குனிந்து பார்க்கிறார்,
திருப்தியாகத் தலையாட்டுகிறார்.
எல்லாம் அங்கேயிருந்துதான் தொடங்குகிறது என்று
ஆட்களுக்குத்தான் எவ்வளவு நம்பிக்கை.